காலாவதி

மாண்புமிகு உறுப்பினர்களே,
இது முறைப்பாடு அல்ல, அறிக்கை.
எழுதுகிறவன் யாழ்ப்பாணத்தில்
ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகன்.
சட்டம் படித்தவனில்லை.
திகதி வாசிக்கத் தெரியும்.

பத்தொன்பது வருசம்
ரின்களைக் கவிழ்த்துப் பார்த்தே கழிந்தது.
ரின்மீன், பால்மா, பிள்ளைகளின் பிஸ்கட்,
தட்டின் மூலையில் ஒளித்த ஜாம் போத்தல்.
எலி கடித்த பொதியைவிட
எழுத்து மங்கிய பொதிக்குத்தான் எனக்குப் பயம்.

ஒருமுறை கஸ்தூரியார் வீதியில் ஒருவன்
பஞ்சைத் தின்னரில் நனைத்து
முடிவுத் திகதியை மட்டும் துடைத்திருந்தான்.
மிச்சமெல்லாம் அப்படியே:
பெயர், நிறை, துள்ளுகிற மீனின் படம்.
வழக்குப் போட்டேன்.
நீதவான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"பழுதெண்டு தெரிஞ்சுதானே துடைச்சனீர்?"
கடைக்குப் பூட்டு, மூன்று மாதம்.

உங்கள் சபையும் துடைத்திருக்கிறது.
எழுபத்தொன்பதில், ஆடி வெக்கையில்,
மூன்று வருசத்துக்கு என்று சொல்லித்தான் அடைத்தது
பயங்கரவாதத் தடைச் சட்டம்.
பெயரிலேயே ‘தற்காலிக’ என்று அச்சு.
எண்பத்திரண்டில் வந்தது பஞ்சு.
அந்தச் சொல் இன்னும் மூடியில் இருக்கிறது,
திகதிதான் இல்லை.
உங்களில் பலர் அப்போது பிறந்தே இருக்கமாட்டீர்கள், தெரியும்.
ஆனால் எங்கள் விதிப்படி
துடைத்தவனை மட்டுமல்ல,
தட்டில் வைத்திருப்பவனையும் பிடிப்போம்.

நான் பிறந்ததும் அதே ஆடியில்.
எனக்கு நரை, சீனி வருத்தம், இடது முழங்காலில் நோ.
அதற்கு ஒன்றுமில்லை.
கிழக்கில் ஒரு பொடியன் முகநூலில் போட்ட படத்துக்கும்
கொழும்பில் ஊர்வலம் போன மாணவனுக்கும்
இப்போதும் அதைத்தான் திறக்கிறார்கள்.

போன புதன், கொட்டடி, இராசமலரின் கடை.
ஆறு ரின்மீன், பங்குனியோடு முடிந்தவை.
அவள் வாதாடவில்லை, அரிசி நிறுத்துக்கொண்டிருந்தாள்.
பட்டியலைத் தம்பிதான் வாங்கினார், குகநேசன்.
வாங்கியவர் கையெழுத்து வைக்கவில்லை.
வாசித்தார்.
தமிழில் ஒருதரம்.
ஆங்கிலத்தில், விரல் வைத்து.
சிங்களத்தில் எழுத்தெழுத்தாய், உதடு அசைய.
மீன்காரனின் ஹோர்ண் ஒழுங்கைக்குள் வந்து, போய், ஓய்ந்தது.
எங்கள் சாரதி இரண்டு தரம் எட்டிப் பார்த்தான்.
"ஆறெண்டுதான் இருக்கு அண்ணை, பயப்பிடாதேங்கோ."
அவர் தலை நிமிரவில்லை.
"சிங்களம் உள்ளுக்கை இருந்துதான் பழகினனான்.
நாலாம் மாடியிலை ஒண்டுக்குக் கையெழுத்து வைச்சனான்.
அதிலை என்ன கிடந்ததெண்டு வாசிக்கப்
பதின்மூண்டு வருசம் எடுத்தது.
வாசிக்கப் பழகி முடிய,
வழக்கில்லை, போ எண்டிட்டினம்."

பிறகு பேனா கேட்டார்.
பெயரை முழுதாய் எழுதினார், கிறுக்காமல்.
பேனாவைத் திருப்பித் தருகையில்
"உங்களைப் போல ஓராள் அங்கை இல்லையோ?"
எங்கே என்று நான் கேட்கவில்லை.

மாண்புமிகு உறுப்பினர்களே,
புதுச் சட்டம் வரப்போவதாய்ப் பேப்பரில் பார்க்கிறேன்.
புதுப் பெயராம்.
ஒட்டுத்தாளுக்கு மேல் ஒட்டுத்தாள் ஒட்டியவர்களையும்
நான் பிடித்திருக்கிறேன்.
நகத்தால் சுரண்டினால் போதும்,
கீழே அதே மீன்.
ஒட்டவேண்டாம், எடுங்கள்.
உப்பிய ரின்னைக் குத்தி மணந்து பார்க்க
குழு எதற்கு, அறிக்கை எதற்கு?

ஆறு ரின் எடுக்க எனக்குப்
படிவம் வேண்டும், முத்திரை வேண்டும்,
வாசித்து முடிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும்.
உங்களுக்குக் கையை உயர்த்தினால் போதுமாம்.
எண்பத்திரண்டிலும் அப்படித்தான் உயர்ந்ததாம்.

இராசமலர் கடை ஆறையும்
நேற்றுக் கல்லுண்டாயில் புதைத்தோம்.
இடம் இன்னும் இருக்கிறது.
செவ்வாயும் வெள்ளியும் லொறி போகும்.