தபால் அட்டையளவு

புதன் இரவு. போஸ்னான் நகரில்
நாலாவது மாடி, ஹல்ஷ்காவின் சமையலறை.
ஏழு பேர், ஐந்து நாற்காலி.
கீழே டிராம் திரும்பும்போதெல்லாம்
தட்டுக்குள் கரண்டி நடுங்குகிறது.

கம்பெனியின் கடிதத்தை
ஜெமோவித் உரக்கப் படிக்கிறான்,
கல் கடித்தவன் முகத்தோடு.
கூண்டுக் கோழியின் முட்டை
ஆறு வருடத்தில் எங்கள் கடைகளில் இராது.
பதிலுக்கு நீங்கள்
வாசலில் நிற்பதை நிறுத்த வேண்டும்.
நன்றி என்று ஒரு வரி, எல்லோரும் பார்க்க.

"ஆறு வருடம்" என்றான்.
"கூண்டில் ஒரு கோழிக்கு ஒன்றரை. நாலு தலைமுறை.
யார் சம்மதத்தில்
அந்த நாலைக் கொடுக்கிறோம்?"

டொப்ரோஹ்னா பிரிண்டரிலிருந்து
வெற்றுத்தாள் ஒன்றை உருவி மேசையில் வைத்தாள்.
பக்கத்தில், குளிர்பெட்டிக் கதவிலிருந்து பிய்த்த
தபால் அட்டை. யாரோ அனுப்பிய கடற்கரை.
"முன்பு ஒரு கோழிக்கு இந்தத் தாள்.
இப்போது தாளும் அட்டையும்.
நமக்கு முன்னால் நின்றவர்கள்
தலை நரைத்து வாங்கியது இந்த அட்டை.
நான் அவர்களை எள்ளியதில்லை."

"நானும்தான். ஆனால் அட்டைக்காக
நன்றி எழுதிக் கொடுத்தார்களா?"

யாருக்கும் தெரியவில்லை.
பீட்ரூட் சூப் ஆறிப்போனது.

கை தூக்கினோம். நாலுக்கு மூன்று.
நாலாவது கை என்னுடையது,
கடைசியாக, முழங்கை மடங்கியபடி.

அவன் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.
போகிற வழியில் குளியலறைக் கதவை மட்டும்
சத்தமில்லாமல் சாத்தினான்.
உள்ளே அது தூங்குகிறது,
சென்ற மாதம் அவன் சட்டைக்குள் வைத்து எடுத்துவந்தது.
சட்டம் அதைத் திருட்டு என்கிறது.
பெயர் வைப்பதில்லை என்பது எங்கள் முடிவு.
வைத்தால்
மற்றதெல்லாம் பெயரில்லாதது ஆகிவிடும்.

கடிதம் எழுதும் முறை என்னுடையது.
விடியும்போது முகம் கழுவப் போனேன்.
தொட்டி நிறைய வைக்கோல். பாதி முளைத்த சிறகு.
நாலு வாரமாகியும்
அந்த ஒரு மூலையை விட்டு நகர்வதில்லை.
அடியில் கை விட்டேன்:
முட்டை, வெதுவெதுப்பாக.

அது எங்களுடையதல்ல. இதில் மட்டும்
ஏழு பேரும் ஒரே கட்சி.
வேகவைத்து, ஓட்டோடு நசுக்கி
அதனிடமே வைத்தேன்.
ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது.
தலையைத் திருப்பி மறு கண்ணாலும்.
பிறகு தின்றது.

எட்டு மணிக்குள் கடிதம் போயாக வேண்டும்.
மற்ற வரிகள் எல்லாம் எழுதியாயிற்று.