மாடிப்படித் திருப்பத்தில் ஓர் அறிவிப்பு

பெட்ஃபோர்டில் எங்கள் கட்டடம்.
போஜராஜன் எழுதி ஒட்டியிருக்கிறார்:

இருபத்தைந்தாம் தேதி விடுமுறை. லிஃப்ட் ஓடாது.
(மற்ற நாளில் மட்டும்? யாரோ பென்சிலில்.)
ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறேன்,
மோட்டார் சாவி பல் டாக்டரிடம்.
விடிகாலை குழாய் உறைந்தால்
வெந்நீர் ஊற்றவும், சுத்தியல் வேண்டாம்.
வண்டி நிறுத்துமிடத்தில் காட்டெருமை படுத்திருந்தால்
ஹாரன் அடிக்காதீர்கள்.
அதற்குத் தோன்றும்போது போகும்.

நட்சத்திரம் கட்ட ஆளுக்கு நானூறு.
தேயிலை ஏஜென்சி காலி செய்துவிட்டதால்
ஐநூறு.

கொடுத்தோம்.
ஆடிட்டர் மட்டும் ரசீது கேட்டார்.

நேற்று என் கதவடியில் ஓர் உறை,
உள்ளே நூறு ரூபாய்.
ஏஜென்சியில் கணக்கெழுதிய பெனடிக்டா
வெலிங்டனிலிருந்து பஸ் ஏறி வந்து
தங்கள் பங்கைக் கட்டிவிட்டுப் போனாளாம்.
யார் பங்கு? அந்த முதலாளி
நவம்பர் சம்பளமே தரவில்லை.

ஆறு மணிக்கே மூடுபனி.
இரண்டாம் மாடியில் பெயர்ப்பலகை கழற்றிய இடத்தில்
நான்கு ஆணித் துளை.
உள்ளே நாற்காலிகூட இல்லை.
அந்த இருட்டு ஜன்னல் கண்ணாடியில்
இன்னொரு நட்சத்திரம் எரிகிறது.

நாங்கள் ஒன்றுக்குத்தான் காசு கொடுத்தோம்.