அறுபது பவுண்ஸ்

முதலாமவன் மூவாயிரத்து இருநூறு என்றான்,
சப்பாத்தைக்கூடக் கழற்றாமல்.
இரண்டாமவன் போனிலேயே
சுவரை இடிக்கவேணும் என்றான்.

மூன்றாவதாய் வந்த கரெத்
பாய்லரின் மூடியைத் திறந்து
கொஞ்சநேரம் பேசாமல் நின்றார்,
சாவீட்டுக்கு வந்தவர் மாதிரி.
"இருபத்தாறு வயசு. பாவம், விட்டுவிடுங்கள்."

ஆயிரத்துத் தொளாயிரம்.
பழைய செப்புக்குழாய் உங்களுக்குத்தானே போகிறது,
அதைக் கழியுங்கள் என்றேன்.
சிரித்தார். அறுபது குறைந்தது.
அன்றிரவே கார்டிஃபில் இருக்கும் சுதாமதிக்குப்
போன் போட்டுச் சொன்னேன், இரண்டு தரம்.

புதியது வெள்ளையாய், சின்னதாய்,
தேயிலை டப்பாக்களுக்குப் பக்கத்தில்
இருக்கிறதா என்றே தெரியாமல் இருக்கிறது.
துவாய் காய்ந்தது.
ஜன்னல் வியர்க்கவில்லை.

மறுநாள்
ஐந்தரைக்கு யாரும் இருமவில்லை.
குழாய்க்குள் யாரும் சுத்தியலால் தட்டவில்லை.
பதினொரு வருஷமாய்
என்னை எழுப்பி வேலைக்கு அனுப்பியது யாரென்று
ஏழேகாலுக்கு,
கதகதப்பான அறை நடுவில்
ஒற்றைக் காலுறையோடு நின்றபோதுதான் விளங்கியது.

நியூபோர்ட் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
ஒன்றரை மணிநேரச் சம்பளம் வெட்டு.
அறுபதில் மிச்சம்
நாற்பத்திரண்டு.