ஐந்தாம் கூடை

சான் திமியே ஊருக்கு மேலே
பேருந்து திரும்பிப்போகும் இடத்தில் தொடங்குகிறது.
மாடுகள் எங்களைப் பொருட்படுத்துவதில்லை.
முதலாம் கூடையைச் சுற்றி மேய்கின்றன.
சங்கிலியில் தட்டு விழும் சத்தத்தை
இன்னொரு கழுத்துமணி என்று எண்ணி
ஒரு கன்று மட்டும் நிமிர்ந்து பார்க்கும்.

பாதைகளை வரைந்தவள் பெயர்
பலகையின் அடியில் சின்னதாய் இருக்கிறது:
ஒடில் ஜோன்ரெனோ.
அவளை நான் கண்டதில்லை.
நான்கு வருடமாய் ஞாயிறுதோறும்
அவளோடுதான் சண்டை.

இரண்டாவதில் பரந்த புல்வெளி.
வீசு, இன்னும் வீசு என்கிறது.
வீசினால், கல்மதிலுக்கு அப்பால் கொண்டுபோய் வைக்கக்
காற்று காத்துக்கொண்டு நிற்கும்.
அப்பால் விழுந்தால் ஒரு புள்ளி தண்டம்.
யானிக்குக்கு இது தெரியும்.
தெரிந்தே வீசுகிறான்,
தெரிந்தே மதிலேறிக் குதிக்கிறான்.

நாலாவதில் இரண்டு ஊசியிலை மரங்கள்,
நடுவில் ஒரு கதவளவு வெளி.
சுற்றுவழியும் உண்டு; ஒரு வீச்சு கூட ஆகும்.
சுற்றிப் போகிறவனை யாரும் சிரிப்பதில்லை,
ஆனாலும் துவாரகன் சுற்றிப் போகமாட்டான்.
பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிற சத்தம்.
இன்று மூன்று ஆணி.

பிறகு ஐந்து.

நான் இடக்கைக்காரி.
சோற்றுக்கு, காசுக்கு, திருநீற்றுக்கு
மற்றக் கையை நீட்டப் பழக்கினார்கள், பழகினேன்.
கடிகாரத் தொழிற்சாலையில்
மயிரளவு திருகாணியை இடுக்கியால் தூக்கும்போது மட்டும்
எந்தக் கை என்று ஒருவரும் கேட்பதில்லை.
தட்டு எறியவும் அதே கைதான்.

ஐந்தாம் பாதை மரங்களுக்குள் போய்
வலப்பக்கம் மெல்லச் சாய்ந்து
கடைசியில் சட்டென்று மடங்குகிறது.
அவர்களின் தட்டு களைக்கும்போது இடம் சாயும்.
என்னுடையது வலம்.
யானிக் கையை மறுபக்கம் புரட்டி எறிந்தான்; கிளை.
துவாரகன் தலைக்குமேல் எறிந்தான்; கிளை.

நான் விட்டேன்.
முதலில் நேராய்ப் போனது,
வீட்டுப் பாதையை மறந்ததுபோல்.
பிறகு அடுப்பை அணைக்காதது நினைவு வந்தவள்போல்
அப்படியே திரும்பியது.

சங்கிலி.

யானிக் தொப்பியைக் கழற்றிப் புல்லில் அடித்தான்.
கூடைக்கு நடக்கிற தொண்ணூறு மீட்டரும்
ஒடிலிடம் கேட்டுக்கொண்டே போனேன்:
உனக்கும் இடக்கையா?
அல்லது, அளவுநாடாவோடு நின்ற காலையில்
இன்னும் வந்திராத ஒருத்திக்கென்று
ஒரு கதவைத் திறந்து விட்டாயா?

இப்படி யாரும் உருகிவிடக்கூடாது என்றுதான்
ஆறாவதை வைத்திருக்கிறாள்.
அது இடப்பக்கம் வளைகிறது.
வளைவில் முட்பற்றை.
என் நீலத் தட்டு சித்திரையில் உள்ளே போனது,
இன்னும் வெளியே வரவில்லை.
ஏழு வீச்சு.
துவாரகன் பென்சிலை நாக்கில் தொட்டு
ஏழைப் பெரிதாய் எழுதினான்.

பதினெட்டாவதுக்கு வரும்போது பள்ளத்தாக்கிலிருந்து
புகார் ஏறிவிட்டது. கூடை இல்லை.
மரம் இல்லை. மாட்டுமணி மட்டும் எல்லாத் திசையிலும்.
யானிக் ஒன்றும் சொல்லாமல் உள்ளே நடந்து மறைந்தான்.
சற்றுக் கழிந்து சங்கிலியை
அவன் குலுக்குவது கேட்டது,
நிறுத்தி, மீண்டும்.

எத்தனை கூடை, எத்தனை கழுத்து என்று தெரியாமல்
அந்தச் சத்தத்தை நோக்கி எறிந்தேன்.

தோற்றது ஒரு புள்ளியால்.
அடுத்த கிழமை தடித்த கையுறை கொண்டுவர வேண்டும்,
அந்தப் பற்றைக்குள் கைவிட.