காத்து வருது

செல்லூரில் எங்கள் தெருவுக்கு
நாலு நாளைக்கு ஒரு தரம் தண்ணீர்.
ராத்திரி எத்தனை மணிக்கு என்பது
வால்வு திறக்கிறவருக்கும் அவர் தூக்கத்துக்கும் உள்ள விஷயம்.

தம்பி சோணைமுத்து, பதினொன்றாம் வகுப்பு,
இதற்கொரு முடிவு கட்டுவதாகச் சொல்லி
திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
நாற்பது ரூபாய்க்கு ஒரு ஸ்டெதஸ்கோப் வாங்கி வந்தான்.
ஒரு காது இல்லை அதற்கு.
எந்த டாக்டர் எந்த நெஞ்சில் வைத்ததோ,
இப்போது சைக்கிள் டியூப் சுற்றி
குழாயின் கழுத்தில் கிடந்தது.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.
அப்பாவுக்கு எவர்சில்வர் பட்டறையில் பாலிஷ் வேலை.
கைக்கு வந்த எதையும்
எடை சொல்லாமல் கீழே வைக்க மாட்டார்.
இட்லி அறுபத்திரண்டு கிராம்.
கல்யாணப் பத்திரிகை நூற்றுப் பதினெட்டு,
"மொய் கனமா எதிர்பாக்குறாய்ங்க."
பிறந்த அன்று என்னைத் தூக்கி "ரெண்டே முக்கால்" என்றாராம்.
நர்ஸின் தராசுதான் தப்பு என்று
இன்றைக்கும் வாதாடுவார்.

அம்மா சண்டைகளுக்குக் கணக்கு நோட்டு வைத்திருக்கிறாள்.
உலை கொதிக்கும் நேரத்தில் வாக்குவாதம் முற்றினால்
"பாக்கி வெள்ளிக்கிழமை" என்று எழுதி மூடிவிடுவாள்.
வெள்ளிக்கிழமை மறக்காமல் வசூலும் உண்டு.

பூலோகம் மாமா ஜங்ஷனில் பதினாறு வருஷம் டீ விற்றவர்.
டீ போய்விட்டது, அறிவிப்பு தங்கிவிட்டது.
"குளியலறைக்குள் சென்ற வள்ளிமயில்
இருபது நிமிடம் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது."
வள்ளிமயில் நான்.
இந்த வீட்டில் சரியாக இருக்கிற ஒரே ஆள்,
டிக்கெட் எண்ணின் கூட்டுத்தொகை ஒன்பது வராவிட்டால்
ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிடுவதைக்
கணக்கில் சேர்க்காவிட்டால்.

இப்பேர்ப்பட்டவர்களிடம்
ஒவ்வொரு பாகமாகக் களவாண்டுதான் மெஷின் செய்தான்.
அப்பாவின் டார்ச், அம்மாவின் செத்துப்போன போன்,
என் ஹேர்பின் மூன்று,
மைக்செட்காரர் கழித்துப்போட்ட நசுங்கிய கூம்பு.
குரல் மாமாவுடையது.

முதல் தரம் ஒன்று நாற்பதுக்கு,
"பயணிகளின் கனிவான கவனத்திற்கு!"
தெருவே குடத்தோடு வந்து நின்றது.
குழாய்க்குள் ஒன்றுமில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் மாமாவின் குறட்டை.
அவர் குறட்டையைக் கேட்டு
அவரே அறிவித்திருக்கிறார்.

அடுத்த தரம் இரண்டு ஐம்பதுக்கு.
திறந்தால் புஸ்ஸென்று காற்று.
காற்று மட்டும்.
எதிர்வீட்டு செவத்தியம்மா சொன்னதை
அம்மா ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் ஏற்றிக்கொண்டாள்.
குடங்கள் அங்கிட்டும் இங்கிட்டுமாகக் கலைந்தன.
நாங்கள் மட்டும் நின்றோம்,
இந்தப் பயலுக்கு முதன்முதலில்
ஸ்க்ரூடிரைவர் வாங்கிக்கொடுத்தது யார் என்பது
இன்னும் தீர்மானமாகாததால்.

அப்போதுதான் குழாய் இருமியது.
துருநிறத்தில் ஒரு வாய் துப்பியது.
பிறகு வந்தது.

"பதினெட்டு நிமிசம்," என்றான் சோணை,
யாரிடமும் இல்லாமல்.
"காத்துக்குப் பின்னாடி பதினெட்டு நிமிசம்."

மாமா மெஷினை நம்பவில்லை.
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு
வெறும் வாயால் தெருமுனை வரை அறிவித்துப் போனார்.

பள்ளிக் கண்காட்சியில் மூன்றாம் பரிசு.
எவர்சில்வர் தட்டு, பெயர் வெட்டியது,
சோனைமுத்து என்று எழுத்து தப்பி.
அப்பா உள்ளங்கையில் வாங்கினார்.
"இருநூத்திப் பத்து. நம்ம பட்டறைச் சரக்குதான்.
தகடு குறைச்சு அடிச்சிருக்காய்ங்க, களவாணிப் பயலுக."
அன்றைக்கு ராத்திரி அதில்தான் சாப்பிட்டார்,
வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூட.

இப்போது அந்தத் தட்டு
குழாய்க் குழியை மூடியிருக்கிறது.
காற்று வருமுன் லேசாக நடுங்கும்.
கல்லில் பட்டு ஒரு சின்ன கிணுகிணுப்பு,
மெஷினுக்கு நாலு நிமிஷம் முந்தி.
அம்மாவுக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும்.
அப்பா குத்தவைத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்ததை
ஒருநாள் நானே பார்த்தேன்.

கண் திறந்தபடி படுத்திருப்போம்,
மாமாவின் குரல் வரட்டும் என்று.
சோணையிடம் யாரும் சொல்லவில்லை.