இரண்டு காசு

பகாவ் ஆலையின் எடைப்பாலத்தில்
இரவு வேலை எனக்கு.
லாரி ஏறும், எண் நடுங்கும், நிற்கும்.
குலையோடு ஒரு தரம், வெறும் வண்டியாய் ஒரு தரம்.
கழித்தால் செம்பனை.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் தீர்ந்தது.

இரண்டு லாரிக்கு நடுவே
என் வலைத்தளத்தைத் திறப்பேன்.

அங்கேயும் நிறுவைதான்.
சொற்களை நிறுத்து வாங்குகிறார்கள்.
தோசை மாவு புளிக்கவில்லையா,
விளம்பரத்தில் ஒரு தட்டுக்கு ஒரு காசு.
கூரை ஒழுகுகிறதா, நாலு காசு.
வீட்டுக் கடன் என்று எழுதினால்
ஒரு பொட்டலம் நாசி லெமாக், முட்டை இல்லாமல்.
காதலை ஏலம் கேட்க ஆளே இல்லை.

பட்டியலின் உச்சியில் ஒன்று:
தட்டுக்கு இருநூறு வெள்ளி.
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
இருநூறுதான்.
கல்நார்த் தூள் நெஞ்சில் படிந்து வரும் நோய்க்கு
வழக்குப் போடும் அமெரிக்க வக்கீல்.

நிமிர்ந்து பார்த்தேன்.
எடைப்பாலக் கொட்டகைக்கும்
லயத்தில் இருபத்திரண்டு வீட்டுக்கும்
அதே கூரை,
சாம்பல் நிறத்தில், அலை அலையாக.
அதை அறுத்திருக்கிறோம், ஆணி அடித்திருக்கிறோம்,
தீபாவளிக்குத் தீபாவளி சுரண்டிச் சாயம் பூசியிருக்கிறோம்.
பயந்ததெல்லாம் மழைக்குத்தான்.

ஆங்கிலத்தில் பதினொரு பக்கம் எழுதினேன்.
என் இலக்கணத்தை இயந்திரம் திருத்தியது.
ஒஹாயோவிலிருந்து ஈ காக்கை வரவில்லை.
அந்தச் சொல்லின் மேல்
பெரிய பெரிய கம்பெனிகள் சம்மணம் போட்டிருந்தன.
வாசலில் நான் ஒரு முக்காலி போட்டால்
யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

பிறகு, கோபத்தில், தமிழில் ஒரு பக்கம்.
அறுக்கும் முன் தகட்டை நனையுங்கள்.
தூளைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள்.
வேலைச் சட்டையைப் பிள்ளைகள் துணியோடு ஊறப் போடாதீர்கள்.
அந்தப் பக்கத்துக்கு வந்த விளம்பரம்
முடி கொட்டாத எண்ணெய்.
இரண்டு காசு.

ஒரு மாதம் கழித்துக் கணக்கைப் பார்க்கிறேன்.
செவ்வாய்க்கிழமை, விடியக்காலை மூன்று பன்னிரண்டு,
பகாவிலிருந்து ஒருவர்.
தேடியது: படுத்தா மூச்சு வாங்குது கூரை தூசி.
பக்கத்தில் இருந்தது ஆறு நிமிடம்.
போகிற போக்கில் எண்ணெயைத் தட்டியிருக்கிறார்.

இந்த ஊரில் அந்நேரத்துக்கு விழித்திருந்து
தமிழில் தேடுகிறவர் எத்தனை பேர்?
எனக்கு ஓய்வு நாள் என்றால்
சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கும்.
பெரமையா. இருபது வருஷம்
தோட்டத்துக் கூரைகளை மாற்றியவர்.
தலையில் ஒரு முடி கிடையாது.

நேரே போய்க் கேட்டிருக்கலாம்.
என்னை வேவு பார்த்தியா என்பார்.
பார்த்தேன்தான். அந்தத் தொழிலே அதுதான்.

காலையில் வேலை முடிந்து
அவர் வாசலில் மோட்டாரை நிறுத்தினேன்.
ஒரு வாரமா நெஞ்சு அடைக்குதுண்ணே,
ஜெம்போல் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போக
ஒரு மாதிரியாக இருக்கு என்றேன்.
இரண்டு தரம் இருமியும் காட்டினேன்.
மோசமான நடிப்பு.
சட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பதிவுக் கட்டணம் ஆளுக்கு ஒரு வெள்ளி.
ரெண்டு பேருக்கும் பதிஞ்சிடுவோம்ணே,
வந்தது வந்தோம் என்று
இரண்டு வெள்ளியை நீட்டினேன்.
நூறு பேர் தட்ட வேண்டிய காசு.
கம்பெனியோ நூறு டாலர் சேராமல்
ஒரு காசும் அனுப்பாது.
என் கணக்கில் முப்பத்தொன்று சொச்சம்,
மூன்று வருஷத்தில்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே
ஆரஞ்சு நிற நாற்காலியில் என் பக்கம் சாய்ந்து
குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
லோகா, உன் வீட்டுத் தகட்டை யாரும் அறுக்க வந்தா
முதல்ல தண்ணி ஊத்தச் சொல்லு.
எவனோ விஷயம் தெரிஞ்சவன் எழுதியிருக்கான்.

அப்படியாண்ணே என்றேன்.