இரண்டு செக்கன்

றிவேர்ஸில் போட்டால் உடனே இழுக்கும்.
முன்னுக்குப் போவதற்குத்தான்
இரண்டு செக்கன் யோசிக்கும் எங்கள் கார்.
மட்கோ சந்தியில்
சீமெந்து லொறி முதுகில் மூச்சு விட நின்று
அந்த இரண்டு செக்கனுக்குள்
என் பரம்பரை முழுவதும் திட்டு வாங்கியிருக்கிறது.

"கை வெக்காதீங்க மிஸ்," என்றார் கராஜ் றிஸ்லி.
"ஒரு லட்சத்து எழுபதாயிரம் ஓடின ஒயில்.
அந்த ஊத்தையிலதான் தட்டெல்லாம் பிடிச்சிட்டு நிக்கிது.
புதுசு ஊத்தினா வழுக்கும்.
பிறகு என்னைக் கேக்கப்படாது."

ஒரு கிழமை அந்த வசனத்தோடு படுத்தேன்.
ஊத்தையால் ஓடுகிறது சரி,
எதனால் நிற்கும் என்று அவரும் சொல்லவில்லை.

ஞாயிறு.
உவர்மலையில் எல்லா முற்றமும் கடலைப் பார்த்துச் சரிந்தவை.
எண்ணெய் மட்டம் பார்க்கச் சமதரை வேண்டும்.
நாலு முட்டு, ஆறு சீமெந்துக் கல், ஒரு பலகைத் துண்டு;
கதவோரம் தண்ணீர்ப் போத்தலைப் படுக்கவைத்துக்
குமிழி நடுவுக்கு வரும்வரை
ஜக்கை ஏற்றினேன், இறக்கினேன், ஏற்றினேன்.

டோர்ச் பிடிக்க வந்த நிமலேந்திரன்
நான் பார்க்கவேண்டிய இடம் தவிர
எல்லா இடத்துக்கும் வெளிச்சம் காட்டினார்.

பத்தாம் நம்பர் அலன் கீ.
அதன் வாலில் பைப்புத் துண்டைச் செருகி ஒரு நெம்பு.
ஒன்றுமில்லை.
இன்னொன்று.
டிக் என்றது, தாலிக்கொடி அறுந்தது போல ஒரு சின்னச் சத்தம்.
நெஞ்சில் கை வைத்தேன். கொடி இருந்தது,
எண்ணெய்க் கையடையாளத்தோடு.

வந்தது சிவப்பாய் இல்லை.
கருப்பட்டிப் பாணி, அடிப்பிடித்த மணம்,
முழங்கை வழியே சூடாய் இறங்கிச்
சட்டைக்குள் போனது.

வடிந்ததை அளக்கவேணும்.
வடிந்த அளவே விடவேணும்,
துளி கூடினாலும் நுரைக்கும், குறைந்தாலும் எரியும்.
ஐஸ்கிறீம் வாளியில் நேற்றே பேனையால் கோடு போட்டிருந்தேன்:
மூன்று லீற்றர், சொட்டுக் கூடக் குறையவில்லை.

புதியதை ஊற்ற
அளவுக்கம்பிக் குழாயில் மெல்லிய புனல்.
ஆலாத்தித் தண்ணி நிறம்.
அவசரப்பட்டால் திருப்பித் துப்பும்;
நூல்போல விட்டுக்கொண்டு
கச்சேரியில் கணக்கு எழுதுகிறவளாய்க் கணக்குப் பார்த்தேன்.

உள்ளே மொத்தம் ஏழு லீற்றர்.
நாலு லீற்றர் கன்வேட்டருக்குள் சுருண்டு கிடக்கிறது,
எந்த ஆணியைக் கழற்றினாலும் வராது.
இன்றைக்கு மூன்று, வாற ஞாயிறு மூன்று,
அதற்கடுத்த ஞாயிறு மூன்று.
அப்போதும் ஐந்தில் ஒரு பங்கு கிட்டப் பழையதுதான்.

"அப்ப ஏன் இவ்வளவு பாடு?" என்றார் நிமலேந்திரன்,
டோர்ச்சைத் தன் காலுக்கே அடித்துக்கொண்டு.
காருக்கு அடியில் இருந்து பார்த்தால்
மனிதருக்குக் கால் மட்டும்தான்.
நல்ல கால்கள். பதினாறு வருடமாய்த் தெரியும்.
துணியைத் தாங்கோ என்றேன்.

பின்னேரம் உப்புவெளிப் பக்கம் ஓட்டிப் பார்த்தோம்.
வழுக்கவில்லை.
மட்கோவில் நிறுத்தி, டீயில் போட்டு
இருவரும் வாய்க்குள் எண்ணினோம்.
நான் ஒன்றேகால் என்றேன்.
அவர் ஒன்றரை.
அதில் சண்டை வந்து நிலாவெளித் தோசைக்கடை வரைக்கும் போனது.

பழைய எண்ணெயை
வேலிக் கட்டைகளுக்குப் பூசினேன், கறையானுக்கு.
கோட்டைப் பக்கத்திலிருந்து அலைந்து வந்த மான் ஒன்று
முதல் கட்டையை மோந்து
மூக்கைச் சுருக்கி
இரண்டு செக்கன் நின்றுவிட்டுப்
போனது.